அடுப்படியிலிருந்து கூடத்துக்கு, மஸ்கட் வழியாக

என் மாமியார் என்னிடம் நேருக்கு நேர் பேசமாட்டார். சண்டையெல்லாம் இல்லை, எங்கள் பக்கத்து வழக்கம் அது. மாப்பிள்ளை கூடத்தில் உட்கார்ந்திருந்தால் மாமியார் அடுப்படிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்வார். கேட்க வேண்டியதை வேறொரு ஆளிடம் சொல்லித்தான் கேட்பார். இப்போது பல வீடுகளில் இது போய்விட்டது. மாமியாரும் மருமகனும் சேர்ந்து உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார்கள். என் மாமியார் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு நடுவில் இருந்த ஆள் என் மாமனார். "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு தோசை வேணுமான்னு கேளுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். மாமனார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலேயே "வேணுமா?" என்பார். போதும் என்று நான் அவரிடம் சொல்வேன். அவர் அதைத் திருப்பிச் சொல்வதற்குள் என் மனைவி கையில் இரண்டு தோசையும் வந்து சேர்ந்திருக்கும். நான் முன்கோபக்காரன். ஆனால் அந்த வீட்டில் கோபித்துக்கொள்ள வழியே கிடையாது. கோபித்துக்கொள்வதற்கும் எதிரில் ஒரு ஆள் வேண்டுமே.

மாமனார் இறந்து முதல் வருடத் திதி வந்தது. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊருக்கு என் மனைவிதான் போயிருக்க வேண்டும். அவள் ஒரே பெண். மஸ்கட்டில் நர்சாக இருக்கிறாள். நான் அங்கேயே ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எங்கள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று என் மனைவி வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எல்லோருடைய லீவையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"நீங்க போயிட்டு வாங்க. மாப்பிள்ளையாச்சும் வந்து நின்னாத்தான் அப்பாவுக்கு மரியாதை" என்றாள். அவளையும் பிள்ளையையும் விட்டுவிட்டு, சின்னப் பெட்டி ஒன்றோடு நான் மட்டும் கிளம்பினேன். அது மார்ச் மாதம்.

திதி நல்லபடியாக நடந்தது. மறுநாள் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து, வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று என் கையில் முத்திரை குத்தினார்கள். வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வீட்டில் இருக்கும் யாரும் வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. அதற்குள் விமானங்களும் நின்றுவிட்டன. திதிக்கு வந்து வாய் நிறையப் பேசிய சொந்தக்காரர்கள், அந்த நோட்டீஸைப் பார்த்த பிறகு எங்கள் தெருப் பக்கமே திரும்பவில்லை. அந்த வீட்டுக்குள் நானும் என் மாமியாரும் மட்டும் மாட்டிக்கொண்டோம். நடுவில் பேசிக் கொடுக்க ஆளே இல்லை.

முதல் இரண்டு நாள் அவர் ஆட்டிடம் பேசினார். கொல்லையில் ஒரு வெள்ளாடு கட்டியிருந்தது. "வெந்நீர் வெச்சிருக்கு. ஆறிப்போறதுக்குள்ள குளிச்சாத் தேவல" என்று அதனிடம் சொல்வார். ஆடு என்னைப் பார்க்கும். நான் துண்டை எடுத்துக்கொண்டு போவேன். "சோறு எடுத்து வெச்சாச்சு" என்பார். அதுவும் ஆட்டுக்குத்தான். போகப் போக நானும் ஆட்டிடம், "எனக்கு இப்பப் பசி இல்ல" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். யாராவது எட்டிப் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் கழன்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஆட்டை வைத்துக்கொண்டு எல்லாக் காரியத்தையும் பார்க்க முடியவில்லை. குழம்பில் உப்பு இல்லை என்று ஆட்டிடம் எப்படிச் சொல்வது? வந்த நாள் முதல் எனக்கு உப்புக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது. பொறுத்துப் பார்த்தேன். பிறகு என் மனைவி சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டபோது சொன்னேன். அவள் டூட்டி இடைவேளையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

"போனை அம்மாட்ட குடுங்க" என்றாள். நான் போனை அடுப்படி வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். மாமியார் எடுத்தார்.

"ஏம்மா, அவருக்கு உப்புப் போட மாட்டேங்கிறீங்களாமே?"

"நீதானடி அவங்க வீட்டுல எல்லாருக்கும் பிரஷருன்னு சொன்ன?"

"அவங்க அண்ணனுக்கும்மா. இவருக்கு இல்ல."

"அப்ப போடலாமான்னு கேளு."

மனைவி மஸ்கட்டிலிருந்து என்னைக் கேட்டாள். "போடலாம்" என்று நான் மஸ்கட்டுக்குச் சொன்னேன். அடுப்படிக்கும் நான் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு நிலைக்கதவுதான் இருந்தது. மாமியார் சொல்வது அங்கேயே எனக்குக் கேட்டுவிடும். ஆனாலும் அது கடல் தாண்டிப் போய்த் திரும்பி வரும் வரைக்கும் காத்திருந்து, அதன் பிறகுதான் பதில் சொல்வேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நாளைக்குக் கோழி அடிக்கலாமா, மோட்டார் ஏன் தண்ணீர் இறைக்கவில்லை, பால்காரர் கேட்டிலேயே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறாரே, வெயிலில் கெட்டுப்போகாதா, எல்லாமே மஸ்கட் போய்த்தான் வரும். "நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா? ஒரே வீட்டுலதானே இருக்கீங்க ரெண்டு பேரும்?" என்று அவள் திட்டுவாள். திட்டிக்கொண்டே ஒன்று விடாமல் சொல்லியும் விடுவாள். அவளுக்கு அது பிடித்திருந்தது. அவ்வளவு நேரமாவது அவள் எங்களோடு அந்த வீட்டில் இருந்தாள். எனக்கும் பிடித்திருந்தது. அவளையும் பிள்ளையையும் பார்க்காமல் இருப்பது அந்த நேரத்தில் மட்டும் கொஞ்சம் தாங்கும்படியாக இருந்தது.

தனிமை நாட்கள் முடிந்து நோட்டீஸைக் கிழித்த பிறகு குளத்தூரிலிருந்து என் அண்ணன் கூப்பிட்டார். "பாஸ் வாங்கித் தாரேன், இங்கிட்டு வந்துரு. மாமியா வீட்டுல எம்புட்டு நாள் ஒக்காந்திருப்ப?" என்றார். எனக்கும் கூச்சம்தான். ஆனால் என் மனைவி, "அம்மாவத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க" என்று ஒரு தடவை சொல்லியிருந்தாள். அதனால் இருந்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு தடவை அறந்தாங்கியில் இருக்கும் டிராவல்ஸ்காரருக்குப் போன் போடுவேன். "அடுத்த வாரம் தெரிஞ்சிரும் சார்" என்பார். மஸ்கட்டிலிருந்து இங்கே வருவதற்கு விமானம் விட்டார்கள். இங்கிருந்து அங்கே போவதற்கு வழி இல்லை. ஒவ்வொரு வாரமும் அவர் மேல் எரிந்து விழுவேன். அவர் என்ன செய்வார், பாவம்.

ஆனி மாதத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. தொற்று வார்டில்தான் டூட்டி. "சும்மா காய்ச்சல்தாம்மா. வாசன தெரியல, அவ்வளவுதான்" என்றாள். பிள்ளையை எதிர் வீட்டில் இருக்கும் சேச்சியிடம் விட்டாள். அந்த அம்மாவும் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ், கேரளாக்காரர். இரண்டு நாளில் என் மனைவியை அட்மிட் செய்தார்கள். அதன் பிறகு அவளிடமிருந்து போன் வரவில்லை. டூட்டி முடிந்து சேச்சிதான் தினமும் மத்தியானம் கூப்பிட்டுச் சொல்வார்.

ஒரு நாள் மத்தியானம் கொல்லையில் நின்றிருந்தேன். போன் வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு குறைந்துகொண்டே வருகிறது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள், மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டி வரலாம், உங்களிடம் மறைக்கக் கூடாது என்று சொல்கிறேன் என்றார் சேச்சி. அவர் குரல் சரியில்லை. நான் சரி சரி என்று போனை வைத்துவிட்டேன். எதற்குச் சரி என்றேன் என்று எனக்கே தெரியாது.

அடுப்படிப் படியில் மாமியார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு வாய் திறந்தார். பிறகு ஆட்டைப் பார்த்தார். அவருடைய பேச்சைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவள் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

நானும் ஆட்டைப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல. காய்ச்சல் கொஞ்சம் கூடியிருக்காம். ரெண்டு நாள்ல சரியாப் போயிருமாம்" என்றேன்.

அவர் படியிறங்கி வந்தார். எனக்கும் ஆட்டுக்கும் நடுவில் வந்து நின்றார். அத்தனை வருடத்தில் அந்த முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. என் மனைவியின் கண்ணும் மூக்கும் அப்படியே இருந்தன.

"என்னையப் பாத்துச் சொல்லுங்க, மாப்பிள்ளே" என்றார்.

நான் போனைச் சட்டைப் பையில் போட்டேன்.

"அவுகளுக்கு முடியாமப் போனப்பவும் இப்பிடித்தான் எல்லாரும் சொன்னீங்க. நல்லாருக்காரு, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு. நான் மெளகு ரசம் வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நிக்கிது. எறக்குனாத்தான் தெரியிது. என்னைய முட்டாளாக்கிப் போட்டீங்க எல்லாரும். எம்புள்ள விசயத்துல அப்பிடிச் செய்யாதீங்க. இருக்காளா, இல்லையா?"

"இருக்கா, அத்தே" என்றேன். அவரிடம் நேராக நான் சொன்ன முதல் வார்த்தை அது. பிறகு சேச்சி சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அழவில்லை. "மூக்குல வெக்கிற கொழாயா, வாய்ல வெக்கிறதா?" என்று கேட்டார். மாமனாருக்கு இரண்டும் வைத்திருந்தார்கள். வித்தியாசம் அவருக்குத் தெரியும். இப்போதைக்கு மூக்கில்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் சேச்சியின் போனுக்காக இரண்டு பேரும் கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்திருப்போம். ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். சேச்சியின் மலையாளத் தமிழில் அத்தைக்குப் பாதி புரியாது. மீதியை நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கூட்டியும் சொல்லமாட்டேன், குறைத்தும் சொல்லமாட்டேன். நேற்றைக்கு இன்றைக்குத் தேவலையா என்பார். இல்லை என்றால் இல்லை என்பேன். அந்த நாட்களில் என்னிடம் யாராவது உண்மையைக் கேட்டார்கள் என்றால் அவர் ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் "ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்கள்.

பேசாமல் இருந்த வரைக்கும் எங்களுக்குள் சண்டை வர வழி இல்லாமல் இருந்தது. பேசத் தொடங்கிய ஒரே வாரத்தில் அதுவும் வந்தது. அன்றைக்குச் சேச்சி சொன்ன செய்தி நன்றாக இல்லை. போனை வைத்ததும் அத்தை சொன்னார்:

"நீங்க வந்ததுக்கு அவ வந்திருக்கலாம். இங்க எம்பக்கத்துல இருந்திருப்பா."

எனக்குச் சுருக்கென்றது. "நானா அவள வர வேணாம்னு சொன்னேன்? லீவு கெடைக்கல. ஒங்க வீட்டுத் திதிக்குத்தானே வந்தேன்? எம்பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு நான் மட்டும் இங்க சொகமாவா ஒக்காந்திருக்கேன்?" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்கு ராத்திரிச் சோறு கூடத்தில் மூடி வைத்திருந்தது. ஆட்டிடம்கூட அவர் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் காபியை என் எதிரில் கொண்டுவந்து வைத்தார். போகாமல் நின்றார். "கோவத்துல சொல்லிட்டேன். ஆனா பொய் சொல்லல" என்றார்.

"எனக்கும் தெனமும் அதேதான் தோணுது, அத்தே" என்றேன். அவள் இடத்தில் நான் அங்கே இருந்திருக்கலாமே என்று நினைக்காமல் அந்த வீட்டில் நான் ஒரு நாளும் விடிந்து எழுந்ததில்லை. அதை யாரிடமாவது சொல்ல முடிந்ததே, அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதிலும் தகராறுதான். அம்மா டூட்டியில் இருக்கிறாள் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பிள்ளை வீடியோவில், "அம்மாச்சி, அம்மா ஏன் இன்னும் டூட்டி முடிச்சு வரல?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "அம்மாவுக்கு மேலுக்கு முடியல சாமி. மூச்சு விடச் செரமமா இருக்கு. டாக்டருங்க பாத்துக்கிட்டு இருக்காங்க. நாங்களும் சாமி கும்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கோம், நீயும் கும்பிடு" என்று சொல்லிவிட்டார். பிள்ளையிடம் போய் இதைச் சொல்லலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பிள்ளை அழவில்லை. சரி என்றது. அதுவரைக்கும் சேச்சி ஊட்டினால்தான் சாப்பிடும். அன்றைக்குத் தானாகவே எடுத்துச் சாப்பிட்டதாம். மறுநாளிலிருந்து போனை எடுத்ததும், "இன்னைக்கு அம்மா மூச்சு எப்டி இருக்கு?" என்று அதுவே எங்களைக் கேட்டது.

மெஷின் வைக்கவில்லை. வைக்கப் போகிறார்கள் என்ற நிலைக்குப் போய், என் மனைவி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். ஒரு மத்தியானம் சேச்சி கவச உடையோடு வார்டுக்குள் போய் வீடியோவில் காட்டினார். முகமூடி போட்ட முகம். கண் மட்டும்தான் தெரிந்தது. பேச முடியவில்லை, கையை லேசாகத் தூக்கினாள். நான் வாய்விட்டு அழுதேன். மாமியார் எதிரில் மாப்பிள்ளை அழுவது எங்கள் பக்கம் கேள்விப்படாத விஷயம். அத்தை முந்தானையால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அதுவும் கேள்விப்படாத விஷயம்தான்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவள் தினமும் கூப்பிட்டாள். "எப்டிடி இருக்க?" என்று அத்தை கேட்பார். "நல்லா இருக்கேம்மா" என்பாள். முதல் நாளும் அதுதான், ஒரு மாதம் கழித்தும் அதுதான். போனை வைத்த பிறகு அத்தை என்னிடம், "நெசமா இருக்குமா?" என்பார். "தெரியல, அத்தே" என்பேன். எனக்கும் உண்மையிலேயே தெரியாது. அந்தச் சின்னத் திரையில் அவள் முகத்தை மட்டும்தான் காட்டினாள்.

எனக்குத் திரும்பிப் போக அனுமதி வந்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. கிளம்பும்போது அத்தை கேட் வரைக்கும் வந்தார். "நீங்க போயி எம்புள்ளயப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். கிளம்பும்போது எல்லோரும் சொல்லும் "போய்ட்டு வாங்க" அவர் வாயில் வரவில்லை. கார் திரும்பும் வரைக்கும் அங்கேயே நின்றார். அவரை இனி அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்று எனக்குக் கஷ்டமாக இருந்தது. மனைவியைப் பார்க்கப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் பாதி அதிலேயே போய்விட்டது.

மஸ்கட்டில் தனிமை நாட்களை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போக முடிந்தது. பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டது. வளர்ந்திருந்தது. என் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழுவதற்கு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் நான் பார்த்திராத ஒரு உடம்பு அது.

அன்றைக்குச் சாயங்காலம், நான் கிளம்பும் முன் வாங்கிக் கொடுத்த போனில் அத்தை வீடியோவில் கூப்பிட்டார். என் மனைவி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வெளிச்சமான பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து போனை எடுத்தாள். "நல்லா இருக்கேம்மா. இந்தா, இவரும் வந்துட்டாரு. இனிமே என்ன?" என்று சிரித்தாள்.

"சரிடி. போனை மாப்பிள்ளைட்ட குடு" என்றார் அத்தை.

நான் வாங்கினேன்.

"நீங்க சொல்லுங்க, மாப்பிள்ளே. எப்டி இருக்கா?"

போனுக்குப் பின்னால் என் மனைவி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கையெடுத்துக்கூடக் கும்பிட்டாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு திரையில் அத்தையின் முகத்தைப் பார்த்தேன்.

"பாதியா மெலிஞ்சு போயிட்டா, அத்தே. முடி கொட்டிப்போச்சு, அதான் துண்டச் சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்கா. மாடிப்படி ஏறுனா நடுவுல நின்னு செவத்தப் புடிச்சிக்கிறாளாம். சேர்ந்தாப்ல நாலு வார்த்த பேசுனா மூச்சு வாங்குது. இன்னும் வேலைக்குப் போகல, போறேன்னு ஒங்ககிட்ட சொன்னதெல்லாம் சும்மா. ஆனா சாப்புடுறா. மத்தியானம் மீன் கொழம்பு ஊத்தி ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்ட்டா. புள்ளைக்குத் தல பின்னி விட்டா, பாதியில நிறுத்தி நிறுத்தித்தான், ஆனா முடிச்சிட்டா."

என் மனைவி துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அத்தை வீட்டுக் கூரையில் மழை பெய்யும் சத்தம் மட்டும் போனில் கேட்டது.

"இப்பத்தான் எம்புள்ளயப் பாத்த மாதிரி இருக்கு" என்றார் அத்தை.